பன்னெண்டு மக்ரூன்

"ஏய், சத்தம்! எல்லாரும் உக்காருங்க. பேச்ச நிப்பாட்டுங்க. வாயில வெரல்!"

மூணாங்கிளாசுப் பிள்ளைக அம்புட்டும் டக்குனு வாயில வெரல வச்சிட்டுது.

"உங்களச் சொல்லல பிள்ளைகளா. பின்னால உக்காந்திருக்க உங்க அப்பா அம்மாமாரச் சொன்னேன்"னாங்க பிளாரன்ஸ் டீச்சர்.

திரேஸ்புரத்துல அன்னைக்கு ஓங்கிக் காத்து வீசுச்சு. ஒரு வள்ளமும் கடலுக்குப் போகல. 'இந்தப் பருவத்துல உங்க பிள்ளை என்ன படிச்சிருக்கு, வந்து பாருங்க'ன்னு டீச்சர் கூப்பிட்டது அம்மாமாரத்தான். அப்பாமாரும் வந்து அடைஞ்சிட்டாக.

மெல்வின் அந்தச் சின்ன பெஞ்சுல மொழங்காலு தாடையில முட்ட உக்காந்திருந்தான். வாய் சும்மா இருக்குமா? இல்லாத கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிவிட்டு, டீச்சர் கொரல்லயே, "சத்தம்! வாயில வெரல்!"னான். "நான் படிக்கையிலயும் இதே பாட்டுதான் பேபிக்கா."

பக்கத்து வீட்டு பேபி அக்கா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. "சும்மா கெடல. என்ன, இன்னைக்கு ரொம்பத் தெம்பா இருக்க?"

"நேத்து சாப்பாடு அப்படில்லா! சீலா மீனு. பாதி கொழம்பு, பாதி பொரிப்பு. ரெண்டு பை கொண்டாந்தேன்."

"வள்ளத்துல வீட்டுக் கொழம்புக்குன்னு ஆளுக்கு ஒரு பைதானலே கறிமீன் குடுப்பாக?"

"மாதா கண்ணத் தொறந்தா கைய நீட்டிக்கிட வேண்டியதுதான்க்கா."

முன்னால டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க. "இந்தப் பருவத்துல மணி பாக்கப் படிச்சிருக்காங்க. ஹென்றி, எந்திரி. செவத்துல மணி என்ன?"

"பத்தேகால் டீச்சர்."

"கைதட்டுங்க!"

"ஆனா அது நேத்துலருந்தே பத்தேகால்தான் டீச்சர்."

மெல்வின் சிரிச்ச சிரிப்புல பெஞ்சு கிறீச்சுன்னுது.

"அடுத்து, சமமாப் பங்கு வைக்கது. சுஜிதா, வா."

மெல்வினுக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. சுஜிதா அவன் மக. அப்பன் வாய்க்கு நேர் மாறு. நாலு கேள்வி கேட்டா ஒரு பதில், அதுவும் தலையாட்டல்தான். 'எம் பிள்ளை கணக்குல புலி'ன்னு இவன் கடக்கரை பூராவும் பீத்திக்கிட்டு அலைஞ்சிருக்கான். இப்ப அம்புட்டுப் பேரும் அவளையே பாக்காக.

டீச்சர் ஒரு பலகாரத் தட்ட நீட்டுனாங்க. "இதுல பன்னெண்டு மக்ரூன் இருக்கு. உன்னையும் சேத்து உன் பெஞ்சுக்காரங்களுக்குச் சமமாப் பங்கு வை."

பெஞ்சுல அவளையும் சேத்து நாலு பேரு. சுஜிதா ஆளுக்கு ரெண்டு வச்சா. தட்டுல நாலு மிச்சம். அதோட கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டா.

"இன்னும் இருக்கேம்மா? நல்லா யோசி. ஆளுக்கு எத்தன வரும்?"

"ரெண்டு."

பின்னால குபீர்னு சிரிப்பு. "ஏலே மெல்வினு, புலி பதுங்குதுலே!"ன்னா பேபி அக்கா.

மெல்வினுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துட்டு. எந்திரிச்ச வேகத்துல பெஞ்சும் கூடவே எந்திரிச்சுது.

"டீச்சர்! எம் பிள்ளை சரியாத்தான் போட்டிருக்கா! எங்க வள்ளத்துல வந்து பாருங்க. நாலு பேரு கடலுக்குப் போனா நாலு பங்கா வைக்கோம்? வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. மொத்தம் ஆறு. ஆறு பங்குல பன்னெண்டப் போட்டா ரெண்டு ரெண்டு. வலைக்காரன் மக வேற எப்படிப் பங்கு வைப்பா?"

சிரிச்ச கூட்டம் வெரல விட்டு எண்ணிப் பாத்துது. "அதான"ன்னுச்சு ஒரு கொரலு.

டீச்சரே அசந்துட்டாங்க. "ஏலே, இது எங்க புஸ்தகத்துல இல்லையே!"

மெல்வினுக்கு இப்பத் தரையில கால் பாவல. "புஸ்தகத்துல என்ன டீச்சர் இருக்கு? கடல்ல இருக்கு நாயம்! எங்க வள்ளத்து சுந்தரராஜ் கால் ஒடிஞ்சு வீட்டுல கெடக்கான். ஒரு மாசமாக் கடலுக்கு வரல. அதுக்காக அவன விட்டுருவோமா? கறிமீன்ல அவனுக்கும் தெனம் ஒரு பை உண்டு. அத யாரு கொண்டு போய்க் குடுக்கா? நாந்தான்! இதெல்லாம் பாத்து வளந்த பிள்ளை டீச்சர் அது."

டீச்சருக்குக் கண்ணு கலங்கிட்டு. முதல்ல அவங்கதான் கைதட்டுனாங்க. பெறகு கிளாசே தட்டுச்சு. மெல்வின் கல்யாண மாப்பிள்ளை கணக்கா நாலு பக்கமும் கும்பிட்டான்.

டீச்சர் குனிஞ்சு சுஜிதா கன்னத்தத் தொட்டாங்க. "அப்படியாளா தங்கம்? அந்த நாலும் வள்ளத்துக்கும் வலைக்குமா?"

சுஜிதா இல்லன்னு தலையாட்டுனா. ஒரு தாளக் கிழிச்சு, நாலு மக்ரூனையும் ஒடையாமப் பொதிஞ்சா.

"எங்க பெஞ்சுல ஆறு பேரு டீச்சர். சுந்தரராஜ் மாமாவோட ரெட்டப் பிள்ளைக இன்னைக்கு வரல. அவுங்க அப்பாவுக்குக் கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. இது அவங்க பங்கு."

"ஓ!"ன்னான் மெல்வின். அதுவும் பெருமையாத்தான் இருந்துது அவனுக்கு. பெஞ்சத் தாண்டி ஓடியாந்து கைய நீட்டுனான். "ஏ எஞ்செல்லம்! குடு, அப்பா போற வழியில குடுத்துருதேன்."

சுஜிதா பொட்டலத்த முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டா.

"வேண்டாம்ப்பா, நானே குடுக்கேன். உங்க கையில குடுத்தா, நேத்து மீனு மாதிரி நம்ம வீட்டுக்குத்தான் வரும்."