இடது பின்மூலை

மூன்றாவது செட். இருபதுக்குப் பத்தொன்பது. இன்னும் ஒரு புள்ளி.

அவள் பின்கோட்டைப் பார்த்தபடி லைன் ஜட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தவள் ரோஸ்லின். பதினோரு வருடம் இவளோடு ஜோடி சேர்ந்து ஆடியவள். ரோஸ்லின் முன்னால், இவள் பின்னால். அப்படித்தான் ஊர் ஊராகப் போய்க் கோப்பை வாங்கினார்கள்.

போன வருடம் இவளுக்கு முழங்கால் போயிற்று. ரோஸ்லின் நான்கு மாதம் காத்திருந்தாள். பிறகு நிவேதாவைச் சேர்த்துக்கொண்டாள். தப்பில்லை. ரோஸ்லினுக்கு இருபத்தொன்பது வயது. இந்திய அணியின் முகாமுக்குப் போக இதுதான் கடைசி வாய்ப்பு.

பழைய ஜோடியின் ஆட்டத்துக்கு இவளே உட்காரலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஆள் பற்றாக்குறை.

டாக்டர் முழங்காலுக்கு மட்டும்தான் ஊசி போட்டார். மரத்துப்போனது அதோடு நிற்கவில்லை.

ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. மட்டைகளை யாருக்கோ தூக்கிக் கொடுத்தபோதும் தோன்றவில்லை. சங்கத்தில் சால்வை போட்டார்கள், கூடவே இந்த நாற்காலியையும் கொடுத்தார்கள். ஆட்டம் தெரிந்தவர்தான் கோட்டைப் பார்க்க வேண்டும் என்றார் செயலாளர். ஆட்டம் தெரிந்தவருக்குக் கோட்டை மட்டும் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கத்துப் பெண் ஷட்டிலை உயரத் தூக்கி அடித்தாள். அது ரோஸ்லினின் தலைக்கு மேலே போய் இடது பின்மூலைக்கு இறங்கியது.

ரோஸ்லின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தினாள்.

"தேனு!"

நிவேதா நின்ற இடத்திலேயே நின்றாள். கூப்பிட்டது அவளை இல்லையே.

தேன்மொழி எழுந்துவிட்டாள். வலது கால் ஓர் எட்டு முன்னே போயிருந்தது. வலது கை தோளுக்கு மேலே போயிருந்தது.

கையில் ஒன்றும் இல்லை.

ஷட்டில் தரையில் கிடந்தது. விழுந்ததை அவள் பார்க்கவில்லை.

நடுவர் தம் உயர நாற்காலியிலிருந்து அவளைப் பார்த்தார். வெளியே விழுந்தது என்றால் ரோஸ்லின் ஜெயித்தாள். சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

தேன்மொழி இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள். பார்க்கவில்லை என்பதற்கு அதுதான் சைகை.

நடுவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தப் புள்ளியை மறுபடியும் ஆடச் சொன்னார்.

ஷட்டிலை எடுக்க ரோஸ்லின் அவள் காலடி வரைக்கும் வந்தாள். குனிந்தவாறே சொன்னாள்.

"நீ பின்னாடி நிக்கிறேன்னு விட்டுட்டேன்டி."

தேன்மொழி உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. பல மாதங்களுக்குப் பிறகு நன்றாக வலித்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

மறுபடி சர்வீஸ்.

எதிர்ப்பக்கத்துப் பெண் லேசில் விடுகிறவள் இல்லை. ஏழெட்டு அடிக்குப் பிறகு ஷட்டிலை அதே மூலைக்குத் தூக்கினாள்.

"நிவி!"

ரோஸ்லின் இந்த முறை சரியாகக் கூப்பிட்டாள்.

நிவேதா பின்னால் ஓடி வந்தாள். மட்டையை ஓங்கினாள். கடைசி நொடியில் அடிக்காமல் விட்டாள். கெட்டிக்காரப் பெண்.

தேன்மொழி கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷட்டில் கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை வெளியே விழுந்தது.

அவுட் என்று உரக்கச் சொன்னாள். விதிப்படி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்தாள்.

ரோஸ்லின் மட்டையைப் போட்டுவிட்டு அந்த மூலையை நோக்கி ஓடி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

வந்து, நிவேதாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள்.

அரங்கம் கைதட்டியது. நடுவர் ஸ்கோரைச் சொல்லி முடித்து, இறங்கி வந்து, எல்லோருக்கும் கைகொடுத்தார்.

தேன்மொழி இன்னும் கைகளை இறக்கியிருக்கவில்லை.