பாஸ்டர் வீட்டு பீர் அறை

"முதல்ல உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கம்மா. இதையெல்லாம் அவர்கிட்டதான் பேசணும்," என்றார் வெண்டல் க்ரூகர்.

சோல்வே ஹெக்லண்ட் ஏணியை விட்டு இறங்கவே இல்லை. பேஸ்மென்ட் சுவரில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஆவி வெளியே போக ஒரு தகரக் குழாயைச் செருகிக்கொண்டிருந்தாள். "இன்னொரு குழாய் வாங்கக் கடைக்குப் போயிருக்கார், வந்துடுவார். உக்காருங்க."

எங்கே உட்காருவது? தரையெல்லாம் புது டைல்ஸ், நடுவில் தண்ணீர் ஓட ஒரு துவாரம், மூலையில் அண்டா மாதிரி எவர்சில்வர் பாத்திரங்கள், சுவரில் ஸ்விட்ச் ஸ்விட்சாக ஒரு பெட்டி. இருந்த ஒரே நாற்காலியின் முதுகில் வெள்ளைக் காலர் வைத்த கறுப்புச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. சின்ன அளவுச் சட்டை. பாஸ்டர் ஒல்லிப்பிச்சான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் வெண்டல்.

பாவம், அவர் வந்த காரியம் பெரியது. சனிக்கிழமை மகள் டெல்மாவுக்குக் கல்யாணம். போன வாரப் பனியில் அவர் ஊர் சர்ச்சின் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாண நாளன்று காலியாக இருந்தது பக்கத்து ஊரின் இந்த லூத்தரன் சர்ச் ஒன்றுதான். ஆபீசில் கேட்டால், "பாஸ்டர் ஹெக்லண்ட் சரின்னு சொல்லணும், வீட்டுக்கே போய்ப் பாருங்க" என்று கையைக் காட்டிவிட்டார்கள்.

கெஞ்ச வந்தவர்தான். ஆனால் மூன்று தலைமுறையாக ஒரு சொட்டு தொடாத குடும்பம் அவருடையது. அறையைப் பார்த்ததும் ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"என்னம்மா இது, சாராயக் கடையா?"

"பீருங்க. விக்க இல்ல, வீட்டுக்கு. கரண்ட்லயே காய்ச்சற ரூம். இத்தனை வருஷமா கராஜ்ல கேஸ் அடுப்பை வெச்சுக்கிட்டு, குளிர்ல மூக்கு வெறைக்க நின்னு காய்ச்சினேன். போதும்டா சாமின்னு உள்ள கொண்டு வந்துட்டேன்."

"பாஸ்டர் குடியிருக்கிற வீட்டுலயா?"

"ஏன், நம்ம சபையை ஆரம்பிச்ச லூத்தரோட சம்சாரமே வீட்டுல பீர் காய்ச்சினவங்கதானே! அந்தம்மாவை யாரும் சர்ச்சை விட்டுத் தள்ளி வைக்கலையே?"

அடேயப்பா, என்ன வாய்! வெண்டலுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "சபையில யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க, சொன்னாங்க. கமிட்டி போட்டுச் சொன்னாங்க. வேணும்னா சர்ச் குடுத்த இந்த வீட்டைக் காலி பண்றேன், காய்ச்சறதை விடமாட்டேன்னேன். அப்புறம் அந்தக் கமிட்டிக்காரங்களே வந்து டைல்ஸ் ஒட்டிக் குடுத்துட்டுப் போனாங்க."

"சரி, பாஸ்டர் இதுக்கு எப்படிச் சம்மதிச்சார்?"

"பாஸ்டருக்கு இதுல ரொம்ப இஷ்டங்க."

வெண்டல் கையில் இருந்த தொப்பியைத் தொடையில் அடித்தார். "பொண்டாட்டியை அடக்கத் தெரியாத மனுஷன் ஒரு சபையை எப்படிம்மா கட்டி மேய்ப்பார்?"

"மெதுவாப் பேசுங்க. பாஸ்டர் காதுல எல்லாம் விழுந்துக்கிட்டுதான் இருக்கு."

வெண்டல் திடுக்கிட்டு மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை. சும்மா மிரட்டுகிறாள் என்று இன்னும் எரிச்சல் வந்தது.

"இங்க பாருங்க. நாளைக்குள்ள இதையெல்லாம் பிரிச்சுப் போடணும். இல்லைன்னா பிஷப்புக்கே எழுதிடுவேன்."

"தாராளமா எழுதுங்க. விலாசம் வேணும்னா நானே தர்றேன். இங்கேருந்து ஒரு ஸ்க்ரூவைக்கூட கழட்ட மாட்டேன்." டிரில்லை இடுப்பில் செருகிக்கொண்டு இப்போதுதான் கீழே இறங்கினாள் சோல்வே.

இவளிடம் வாயைக் கொடுத்து மீள முடியாது என்று வெண்டலுக்குத் தெரிந்துபோயிற்று. கோபம் இறங்கிய இடத்தில் பயம் ஏறிக்கொண்டது. இந்த இடமும் கிடைக்காவிட்டால் மகளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"தாயில்லாத பொண்ணும்மா அது," என்றார். "கூரை விழுந்த அன்னிக்கு அழ ஆரம்பிச்சா. இன்னும் நிறுத்தலை."

 சோல்வே கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை கல்யாணம் எங்க சர்ச்சுலயே நடக்கும். போய்ப் பொண்ணைக் கண்ணைத் துடைச்சுக்கச் சொல்லுங்க. ஆனா இந்த ரூமும் இங்கேயேதான் இருக்கும்."

"அதைச் சொல்ல நீங்க யாரும்மா?" வெண்டலுக்கு மறுபடி சுருக்கென்று ஏறியது. "பாஸ்டர் சொல்லட்டும்!"

அதற்குள் படியில் திம் திம்மென்று சத்தம். தோளில் தகரக் குழாயோடு, நிலை இடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு, ஆஜானுபாகுவாக ஒருவர் இறங்கி வந்தார். சோல்வேயின் கணவர் ஆர்லோ.

வெண்டல் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பாஸ்டர்! உங்க வீட்டம்மா என்னவோ சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் வேணாம். என் பொண்ணுக்குச் சனிக்கிழமை கல்யாணம் உண்டா இல்லையா? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க!"

ஆர்லோ குழாயைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"அதான் பாஸ்டரே உண்டுன்னு சொல்லிட்டாங்களேங்க! நான் ஸ்கூல் பஸ் டிரைவர்."