தண்ணீர் குடித்த போன்

"போன் தேறுமாண்ணா?"

கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த 'இடி' நிமிரவில்லை. ராப் பாடி ஊரைக் கலக்குகிறவன். பிழைப்புக்கு செல்போன் ரிப்பேர் கடை. 'சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்காதே' என்று அவன் பாடியது இல்லாத போன் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அதையே சட்டையிலும் அச்சடித்துப் போட்டிருந்தான்.

"தண்ணி குடிச்ச போன் தங்கச்சி. போர்டு போயிடுச்சு."

போன் அவளுடைய தம்பியுடையது. இடி பாடினால் பக்கத்தில் நின்று வாயாலேயே தாளம் போடுகிறவன். பத்து நாளைக்கு முன்னால் வேலைக்குப் போனவனைக் குழியிலிருந்து பிணமாகத்தான் தூக்கினார்கள்.

"அவனாத்தான் இறங்கினான்னு கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்திருக்கான். போன்ல ஏதாவது இருந்தாத்தான் கேஸ் நிக்கும்ணா."

"எனக்குத் தெரியாதா? நாளைக்கு ஊர்வலம் வச்சிருக்கேன். அவனுக்குன்னே புதுப் பாட்டும் எழுதியாச்சு."

"அன்னிக்கு உங்ககிட்ட ஏதாவது பேசினானா?"

இடி திருப்புளியைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்து, சட்டை நுனியில் துடைத்தான்.

"ஒரே மூச்சுல நூறு வார்த்தை பாடுவீங்க. இதுக்கு ஒரு வார்த்தை வர மாட்டேங்குதே."

"பேசலம்மா. பேசியிருந்தா மேடையிலேர்ந்து குதிச்சு ஓடி வந்திருக்க மாட்டேனா? கூடப் பிறக்காத தம்பி அவன்."

அவன் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது.

"போனை இங்கயே வச்சிட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம்ணா. அம்மா தலைமாட்டுல வச்சுக்கணுமாம்."

படியிறங்கித் தெருமுனை வரை விறைப்பாக நடந்தாள்.

நேற்றே வேறொரு கடையில் அந்தப் போனைக் காயவைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து வக்கீல் கையில் கொடுத்தாயிற்று. இன்று வந்தது, இவன் வாயால் தானாகச் சொல்கிறானா என்று பார்க்கத்தான்.

"இறங்கலேன்னா வேலை இல்லைங்கறாங்கண்ணே, என்ன பண்ணட்டும்?" என்று தம்பி அனுப்பியிருந்த குரல்பதிவுக்கு, ஊரே கைதட்டும் அந்தக் குரல் பதில் சொல்லியிருந்தது: "மேடையேறப் போறேன்டா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இறங்கிடு."