ஊசிவாய்க்கு மேலே

அவர் முதல் முறையாகக் கீழே பார்த்தார்.

இரண்டு பாறைச் சுவர்கள். நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு இடைவெளி. காவிரி முழுவதும் அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

வெளியே வந்தது நுரை மட்டும். ஐம்பது அடி தள்ளி.

ஐம்பத்திரண்டு வருஷம் பரிசல் ஓட்டியவர். இந்த ஊசிவாயை எத்தனை தடவை தாண்டியிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

ஆனால் இங்கே வந்ததும் பரிசலைக் கரையேற்றி, தலையில் கவிழ்த்துக்கொண்டு, பாறை மேல் நடந்து மறுபக்கம் இறங்குவதுதான் வழக்கம். பரிசல் தலையில் இருப்பவனுக்குத் தன் கால் கட்டைவிரல்தான் தெரியும். தண்ணீர் சத்தமாக மட்டும் கூட வரும்.

இன்று பரிசல் தம்பி மகன் மாதையன் தலையில். அவர் வெறுங்கையோடு நடந்தார்.

அதனால் பார்த்தார்.

ஊசிவாய்க்குச் சற்று மேலே, தண்ணீர் சுழன்று நிற்கும் மடுவில் மகள் மிதந்துகொண்டிருந்தாள். மஞ்சள் தொப்பி. காலையில் அருவியடியில் இறங்கியவள். பதினோரு கிலோமீட்டர் ஆயிற்று. அணைத் தண்ணீரைத் தொட இன்னும் பதினைந்து.

கையெட்டும் தூரத்தில் பாறை. அவள் அதைப் பிடிக்கவில்லை.

பிடிக்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தான்.

காலையில் துறையில் நீச்சல் சங்கத்துக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "ஐயா, ஊசிவாயில மட்டும் மேல ஏறி நடந்து போய் இறங்கிக்கட்டும். இந்த மாதிரி ஆத்துக்கு விதியிலயே அதுக்கு இடம் உண்டு. குறிப்புல ஒரு வரி எழுதிட்டாப் போதும்."

"எங்க நைனா கல்லுல கால் வைக்காம போனவரு. அவரு பேத்தி நடந்து போனான்னு எழுதுவீங்களா?"

சங்கத்துக்காரர் நோட்டை மூடிக்கொண்டார்.

மகள்தான் சிரித்தாள். "விடுங்க சார். எங்க வீட்டுல ஆத்துல இறங்குறது கல்யாணம் மாதிரி. பாதியில எழுந்து போக முடியாது."

முப்பது வருஷமாக மாரியம்மன் திருவிழாவில் முதல் தாம்பூலம் அவர்கள் வீட்டுக்குத்தான். அருவியடியிலிருந்து அணை வரை நீந்திய கெங்கையன் வீடு. பெண் கேட்டு வருகிறவர்களும் அப்படிச் சொல்லித்தான் வழி கேட்பார்கள்.

"தண்ணியோட வந்தேன்." நீந்தி முடித்த அன்று அவருடைய அப்பா கெங்கையன் சொன்னது அவ்வளவுதான்.

பரிசல்காரர்கள் பேச்சு அப்படி. ஊசிவாயில் பரிசலைச் சுமந்து நடந்தவனும் வழி முழுக்க ஆற்றில் வந்ததாகத்தான் சொல்வான். நடந்ததை யாரும் தனியாகச் சொல்வதில்லை.

கல்லில் கால் வைக்காமல் என்று அப்பா எப்போது சொன்னார்?

யோசித்துப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு முந்திய திருவிழா மேடை ஞாபகம் வந்தது. மைக் இருந்தது அவர் கையில். அப்பா கீழே முன் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அடக்கம் என்று நினைத்திருந்தார்.

அந்த வருஷம்தான் முதல் தாம்பூலம் வீட்டுக்கு வந்தது.

"நைனா." மகளின் குரல் இரைச்சலில் அறுந்து அறுந்து வந்தது. "தாத்தா எந்தப் பக்கமா உள்ள போனாரு? வலதா, இடதா?"

சங்கத்துக்காரர் பாறை மேல் நின்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

வலது என்றால் வலது பக்கம் போவாள். இடது என்றால் இடது.

ஏறி வா என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். காரணம் சொல்லாமல் அவளை எந்தத் தண்ணீரிலிருந்தும் ஏற்ற முடிந்ததில்லை, நான்கு வயதிலிருந்தே.

அவருக்கு மகள் மேல் கோபம். நோட்டும் கையுமாக வந்த மனிதர் மேல் கோபம். செத்துப் பத்தொன்பது வருஷம் ஆன அப்பா மேல் அதைவிடக் கோபம். மேடையை விட்டு இறங்கிய பிறகாவது, வீட்டுக்குள் வைத்தாவது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"சீக்கிரம் சொல்லுங்க நைனா. குளிருது."

அவர் செருப்பைக் கழற்றினார். வழுக்குப் பாறையில் நின்றபடி இறங்க முடியவில்லை. உட்கார்ந்தார். சலவை வேட்டியோடு பாறையில் தேய்த்துத் தேய்த்து இறங்கினார்.

மாதையன் பரிசலை முன்பக்கம் தூக்கி எட்டிப் பார்த்தான். "பெரிப்பா, என்ன பண்றீங்க?"

"உன் வேலையைப் பாரு."

தண்ணீர் முழங்காலில் அடித்தது. கிட்டத்தில் பார்க்க, மகளின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"தாத்தா இதுல போகல."

"என்னது?"

"போகல. ஏறி நடந்துதான் போயிருக்காரு. கால் வைக்கலைன்னு மைக்குல சொன்னது நான்."

இவ்வளவு சத்தமாக அவர் அந்த மேடையில்கூடப் பேசியதில்லை.

மேலே சங்கத்துக்காரர் செல்போனைத் தாழ்த்தினார். தண்ணீரில் நின்றபடி அவர் அண்ணாந்து பார்த்தார். "தாழ்த்தாதீங்க. எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும்."

பிறகு மகளிடம் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். வேட்டியில் ஒட்டியிருந்த பாசியைப் பார்த்தாள். திரும்பி ஊசிவாயைப் பார்த்தாள். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதுல யாருமே போனதில்லையா நைனா?"

நெற்றியில் கிடந்த நீச்சல் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டிருந்தாள்.