கப்பல் ஊதியபோது
ஞாயிற்றுக்கிழமை செல்லப்பிராணிக் கண்காட்சிக்குப் போவதைப் பற்றிக் குசினி அடுப்படியில் பேச்சு நடக்கிறது. கொண்டுபோக வேண்டியவற்றை மகள் ஜெயரூபி கொப்பியில் எழுதுகிறாள்: தண்ணீர்ப் போத்தல், புதுக் கழுத்துப்பட்டி. "கூப்பிட்ட உடனை வாற நாய்க்குப் பரிசு குடுக்கினமாம் அப்பா." "இவனுக்கோ? சொல்லுக் கேளாதவன். நேற்றும் என்னட்டை அடி வாங்கினவன்" என்று தங்கள் நாயைக் காட்டிச் சிரிக்கிறார் கதிரவேல். அப்போது துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. யன்னல் கண்ணாடி அதிர, மதிலில் இருந்த காகங்கள் கலைந்து பறக்கின்றன. வாசல் வெயிலில் கண் விழித்துக் கிடக்கும் நாயின் காது மட்டும் அசையவே இல்லை. ஜெயரூபி அதன் பின்னால் போய்க் கைதட்டுகிறாள். இன்னும் பலமாகத் தட்டுகிறாள். "அப்பா, இவனுக்குக் காது கேக்காது." கதிரவேலின் சிரிப்பு அப்படியே நின்றுவிடுகிறது. குனிந்து அதன் தலையைத் தடவப் போகிறார். கையின் நிழல் விழுந்ததும் நாய் உடலை ஒடுக்கிக்கொள்கிறது. ஒடுங்கியபடியே அவரைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.