துரை மக்கர் பண்ணிய நாள்

“தம்பி, கையை எடுங்க. இது சாய்ஞ்சு நிக்கற வண்டி இல்ல.”

கதாநாயகன் பானெட்டில் ஊன்றியிருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். எலியேசர் மஞ்சள் துணியால் அந்த இடத்தைத் துடைத்தார். யூனிட் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். எலியேசருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. நாற்பத்தெட்டாம் வருஷத்து மாடல். குடகில் ஏதோ எஸ்டேட் துரையிடமிருந்து கைமாறி வந்த கார் என்பதால் அதற்குப் பெயரே துரை. “நம்ம துரை நடுரோட்டுல ஒருநாளும் நின்னதில்ல” என்று மைசூர் மண்டி மொஹல்லாவில் அவர் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

சினிமா கம்பெனியைப் பிடித்துக்கொடுத்தது அவர் மனைவியின் தம்பி ரெஜி. எலியேசர் வாடகை கேட்கவில்லை. படம் ஆரம்பிக்கும்போது திரையில் ‘நன்றி: எலியேசர், மைசூர்’ என்று போட வேண்டும், அவ்வளவுதான்.

“ஷெட்யூல் முடியற வரைக்கும் வண்டி ஒழுங்கா ஓடட்டும் சார், பெரிய எழுத்துலயே போட்டுடறேன்” என்றார் டைரக்டர்.

போன ஞாயிற்றுக்கிழமையே சர்ச்சில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மீதிப் பேருக்கும் அவரே தேடிப் போய்ச் சொல்லிவிட்டார்.

ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் வேறு யாருக்கும் பிடிபடாததால், டிரைவர் தொப்பியும் அவர் தலைக்கே வந்தது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

சாமுண்டி மலையடிவார ரோடு. ஏப்ரல் மாத மத்தியானம்.

காட்சி இதுதான்: பின்சீட்டில் பணக்காரக் கதாநாயகன். காருக்குப் பின்னால் ஓர் ஏழைப்பெண் “ஐயா, ஐயா” என்று கதறிக்கொண்டு ஓடி வர வேண்டும். அவன் திரும்பியே பார்க்கக் கூடாது. முன்னால் போகும் ஜீப்பில் கேமரா.

ஏழைப்பெண் பஞ்சவர்ணம். கட்டட வேலைக்குப் போகிறவள். ஷூட்டிங்குக்குக் கூப்பிட்டால் கூட்டத்தில் நிற்க வருவாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தனியாக ஒரு வேஷம்.

முதல் டேக்கில் கதாநாயகன் திரும்பிப் பார்த்துவிட்டான். அடுத்ததில் அவன் முடி கலைந்துவிட்டது. அதற்கடுத்ததில் கூலிங் கிளாஸ் போட்டால் நன்றாக இருக்குமே என்று அவனுக்கே தோன்றியது.

“பஞ்சவர்ணம், உன் முகத்துல வேதனை சூப்பரா வருது! அப்படியே மெயின்டெயின் பண்ணு! ஒன் மோர்!” என்று மைக்கில் கத்தினார் டைரக்டர்.

எலியேசர் காரை ஒரு புங்கமர நிழலில் ஓரம் கட்டி இறங்கினார்.

“இன்ஜின் சூடாயிடுச்சு. ஒரு நிமிஷம்.”

பானெட்டைத் திறந்தார். எதையோ தட்டினார், துடைத்தார், மூடினார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார்.

கிர்ர்ர்... கிர்ர்ர்... அவ்வளவுதான்.

“என்ன சார், உங்க துரை படுத்துட்டாரு?” என்றான் ஒரு லைட்பாய். இந்தத் தடவை யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

முன்னால் ஸ்டார்ட்டிங் கம்பியை விட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். ஊஹூம்.

“நாலு பேர் பின்னாடி நின்னு தள்ளுங்கப்பா!”

“தள்ளப்படாது. கியர்பாக்ஸ் போயிடும்” என்றார் எலியேசர், கறாராக.

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். கேமராமேன் அவரைத் தனியே அழைத்துப் போய்ச் சமாதானமாக ஏதோ சொன்னார். கடைசியில் காட்சியே மாறிப்போனது. மர நிழலில் கார் நிற்கும். அவள் ஜன்னலோரம் நின்று அழுவாள். ஒரே டேக்கில் ஓகே.

“நாளையிலேருந்து பெங்களூர் வண்டி வருது. நீங்க வரவேணாம் சார். டைட்டில் கார்டையும் மறந்துடுங்க” என்றார் டைரக்டர்.

“சரிங்க” என்றார் எலியேசர்.

புங்கமரத்தடியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணத்துக்கே பாவமாகப் போய்விட்டது.

“மனசு விடாதீங்கண்ணா. வயசான வண்டிதானே, அதுக்கும் முடியணுமில்ல?”

“ஆமாம்மா” என்று தலையாட்டினார் அவர்.

யூனிட் லாரிகள் கிளம்பிப் போனதும் ரெஜி பொரிந்து தள்ளினான்.

“ஆயித்து! மானம் போச்சு! நின்னதே இல்லன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீங்களே மாமா, ஞாயித்துக்கிழமை எந்த முகத்தோட சர்ச்சுக்குப் போறது? மெக்கானிக்கக் கூட்டிட்டு வரட்டுமா?”

“பேடப்பா, யாரும் வேணாம்.”

எலியேசர் பானெட்டைத் திறந்தார். சட்டைப்பையிலிருந்து கறுப்பாக ஒரு சின்னச் சாமானை எடுத்து உள்ளே பொருத்தினார். ஏறி உட்கார்ந்து ஒரு தடவைதான் ஸ்டார்ட்டரைத் தொட்டார். துரை கம்பீரமாக உறுமியது.

ரெஜிக்கு வாய் மூடவில்லை.

“அது என்ன மாமா?”

“ரோட்டர். அது இல்லாம எந்த வண்டியும் கிளம்பாது.”

“அப்ப வேணும்னேவா கழட்டினீங்க? உங்களுக்கென்ன பைத்தியமா?”

எலியேசர் டிரைவர் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

“ஜீப்ல இருந்தவங்களுக்கு அந்தம்மா முகம் மட்டுந்தான் தெரிஞ்சுது ரெஜி. எனக்குக் கண்ணாடியில காலும் தெரிஞ்சுது. வெறுங்கால், கொதிக்கிற தாரு. ‘என்னால முடியல’ன்னு அந்தம்மா சொன்னா, அந்தம்மாவை மாத்திடுவாங்க. துரை சொன்னா துரையத்தானே மாத்துவாங்க? அதான், துரையச் சொல்ல வெச்சேன்.”