கிளியின் ரகசிய வார்த்தை

எந்த வயலில் கதிர் முற்றியிருக்கிறது என்பது உயரப் பறக்கும் பருந்துக்குத்தான் தெரியும். கேட்டு வரும் ஒவ்வொரு பறவைக்கும் அது ஒரு ரகசிய வார்த்தை கொடுத்திருந்தது. அதைச் சொன்னால் நாளுக்குப் பத்துக் கேள்வி கேட்கலாம்.

கிளிக்குத் தன் வார்த்தையின் அழகில் ஒரே பெருமை. காலையெல்லாம் மர உச்சியில் உட்கார்ந்து அதைப் பாடிக்காட்டியது. மதியம் பசியோடு போனால், "உன் பத்தும் தீர்ந்துபோச்சு" என்றது பருந்து.

"நான் இன்னும் ஒண்ணுகூடக் கேட்கலையே."

"உன் வார்த்தையைச் சொல்லிக் காக்காயெல்லாம் கேட்டுட்டுப் போயிடுச்சு."

"உங்க காவல் சரியில்லைங்க" என்று கிளி சிடுசிடுத்தது.

பருந்து பழைய வார்த்தையை ரத்து செய்துவிட்டு, புதியதைக் காதோடு சொன்னது.

மறந்துவிடக் கூடாதே என்று கிளி அதை உரக்கச் சொல்லிக்கொண்டே திரும்பியது. வழியெங்கும் காகங்கள் கரைவதை நிறுத்திவிட்டு மரியாதையோடு கேட்டன.